வெற்றிக்கு ஒரு கொடி! தோல்விக்கும் ஒரு கொடி!

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் வட பகுதியில் ஒரு பழைய விளையாட்டு மைதானம் உண்டு. அதன் பெயர் 'ரிக்லி பீல்டு'. 1914-ம் ஆண்டில் கட்டியது.

அங்கே ஆடும் ஆட்டம், பேஸ்பால். சொந்த ஊர்க் கோஷ்டியின் பெயர் 'கப்ஸ்'. குட்டிகள் என்று அர்த்தம். கரடிக் குட்டிதான் அவர்களுடைய சின்னம்!

அந்த மைதானத்தில் ஒரு வேடிக்கையான வழக்கம். ஆட்டம் முடிந்ததும், ஸ்கோர் பலகைக்கு மேலே உள்ள கம்பத்தில் ஒரு கொடியை ஏற்றுவார்கள்.

கப்ஸ் ஜெயித்தால் வெள்ளைக் கொடி. அதில் 'டபிள்யூ' என்ற எழுத்து நீலத்தில் இருக்கும். தோற்றால் நீலக் கொடி. அதில் 'எல்' என்ற எழுத்து வெள்ளையில் இருக்கும்.

மைதானத்துக்குப் பக்கத்தில், உயரமான பாலத்தின் மேல் மின்சார ரயில் ஓடுகிறது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். கொடியின் நிறம் தெரிந்தால் போதும். முடிவு தெரிந்துவிடும்.

ஜெயித்ததைக் கொடி ஏற்றிக் கொண்டாடுவது எங்கும் உள்ளதுதான். தோற்றதையும் கம்பத்தில் ஏற்றி ஊருக்குக் காட்டுகிறார்களே, அதற்கு ஒரு மனசு வேண்டும்!

தினம் ஒரு ஆட்டம்

பேஸ்பால், கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒரு கோஷ்டிக்கு 9 பேர். உருண்டையான மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஒரு 'ரன்'. மூன்று பேர் 'அவுட்' ஆனால், எதிர்க்கோஷ்டி அடிக்க வரும். இப்படி 9 சுற்று. அப்போதும் சமமாக இருந்தால் ஆட்டம் நீளும்.

ஒரு கோஷ்டி வருடத்துக்கு 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். அதுவும் ஆறே மாதத்தில்! அநேகமாகத் தினமும் ஆட்டம்தான்.

தினமும் ஆடினால், தோல்வி என்பது அடிக்கடி வந்து போகும் விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல பலமான கோஷ்டி கூட வருடத்தில் ஐம்பது, அறுபது தடவை தோற்கும்.

ஆட்டக்காரர்களின் கணக்கும் அப்படித்தான். பத்துத் தடவை மட்டை பிடித்து, மூன்று தடவை சரியாக அடித்தால் அவர் கெட்டிக்காரர். பாக்கி ஏழு தடவை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார். அவருக்குத்தான் கோடிக்கணக்கில் சம்பளம்!

1906-ல் கப்ஸ் 116 ஆட்டங்களில் ஜெயித்தது. 36-ல்தான் தோற்றது. ஆனால், கடைசியில் நடக்கும் 'உலகத் தொடர்' என்ற பெரிய பந்தயத்தில் என்ன ஆயிற்று? அதே ஊரைச் சேர்ந்த 'ஒயிட் சாக்ஸ்' கோஷ்டியிடம் தோற்றுவிட்டது!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. நியூயார்க்கில் 'மெட்ஸ்' என்ற கோஷ்டி 1962-ல் புதிதாகப் பிறந்தது. முதல் வருடத்திலேயே 120 தோல்விகள். ஊரே சிரித்தது. ஏழு வருடம் கழித்து, 1969-ல், அதே மெட்ஸ் உலகத் தொடரில் ஜெயித்தது!

ஆடு போட்ட சாபம்

கப்ஸ் 1908-ல் உலகத் தொடரில் ஜெயித்தது. பிறகு ஜெயிக்கவே இல்லை.

1945-ல் ஒரு வாய்ப்பு வந்தது. சிகாகோவில் மதுக்கடை வைத்திருந்த ஒருவர், தன் வெள்ளாட்டையும் அழைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தார். ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கியிருந்தாராம்! நாற்றம் தாங்கவில்லை என்று ஆட்டை வெளியேற்றிவிட்டார்கள். "இனி கப்ஸ் ஜெயிக்காது" என்று அவர் சாபம் கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தத் தொடரில் கப்ஸ் தோற்றது.

அன்று முதல், ஒவ்வொரு தோல்விக்கும் ஆட்டின் மேல் பழி விழுந்தது. ஆட்டைத் துரத்தினார்கள், ஆட்டம் போயிற்று!

இதை உண்மையாகவே நம்பியவர்கள் சிலர் இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது ஒரு தமாஷ். ஆறாத புண்ணுக்கு மேல் தடவிக்கொள்ளும் மருந்து. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டு, தகப்பன் போய் மகன் வந்தான். மகன் போய்ப் பேரன் வந்தான்.

பழியை ஆட்டின் மேல் போட்டவரையில் யாருக்கும் நஷ்டம் இல்லை. மனிதன் மேல் போட்டபோதுதான் விபரீதம் வந்தது.

ஒரு பந்து, ஒரு மனிதர்

2003-ம் ஆண்டு, அக்டோபர் 14-ந் தேதி இரவு. ரிக்லி மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. எதிர்க்கோஷ்டி, 'புளோரிடா மார்லின்ஸ்'. கப்ஸ் 3-0 என்று முன்னணியில் இருந்தது. இன்னும் 5 பேர் அவுட் ஆனால் போதும். உலகத் தொடருக்குப் போய்விடலாம்!

அப்போது ஒரு பந்து உயரமாகக் கிளம்பி, எல்லைச் சுவர் ஓரமாக இறங்கியது. கப்ஸ் ஆட்டக்காரர் பிடிக்கத் தாவினார். சுவருக்கு மேலே உட்கார்ந்திருந்த ரசிகர்கள் சிலரும் கையை நீட்டினார்கள். ஒரு வாலிபரின் கையில் பட்டுப் பந்து சிதறியது.

அவரும் கப்ஸ் ரசிகர்தான்! தலையில் கப்ஸ் தொப்பி. காதில் ஆட்டத்தின் வர்ணனை.

அதற்குப் பிறகு அந்தச் சுற்றில் எதிர்க்கோஷ்டி 8 ரன் எடுத்துவிட்டது. கப்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் சுலபமான பந்து ஒன்றைக் கோட்டைவிட்டார். அதை யாரும் பேசவில்லை. மறுநாளும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. அதிலும் கப்ஸ் தோற்றது. அதையும் யாரும் பேசவில்லை.

கூட்டம் அந்த வாலிபரைத்தான் பிடித்துக்கொண்டது. வசவு. மேலே வந்து விழுந்த பீர். காவலர்கள் அவரை மறைத்து வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவருடைய பெயரும் ஊரும் பத்திரிகைகளில் வந்தன. வீட்டுக்குப் போலீஸ் காவல் போட்டார்கள்.

அந்தப் பந்தை ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்து, 2004-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பந்து ஒரு நொடியில் போயிற்று. அந்த மனிதரோ, வருடக்கணக்காகத் தலைமறைவு போல வாழ்ந்தார்.

காலுக்கிடையில் போன பந்து

ஆட்டக்காரர்களுக்கும் இதே கதிதான்.

பாஸ்டன் நகரத்தின் 'ரெட் சாக்ஸ்' கோஷ்டியும் 1918-க்குப் பிறகு வெற்றி காணாமல் தவித்தது. அதில் பில் பக்னர் என்று ஒருவர் ஆடினார். அதற்கு முன் கப்ஸ் கோஷ்டியிலும் பல வருடம் ஆடியவர். மொத்தம் 22 வருடங்களில் 2,715 தடவை பந்தைச் சரியாக அடித்தவர்.

1986, அக்டோபர் 25. உலகத் தொடரில் ஆறாவது ஆட்டம். எதிர்க்கோஷ்டி மெட்ஸ். ரெட் சாக்ஸ் வெற்றியின் வாசலில் நின்றது. திடீரென்று மெட்ஸ் சமன் செய்தது. அடுத்து ஒரு பந்து தரையில் உருண்டு வந்தது. பக்னர் குனிந்தார். பந்து அவர் காலுக்கிடையில் புகுந்து போய்விட்டது. மெட்ஸ் ஜெயித்தது!

ஏழாவது ஆட்டம் பாக்கி இருந்தது. அதிலும் தோற்றார்கள். ஆனால், பழி முழுவதும் பக்னர் தலையில். 2,715 தடவை செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு தடவை செய்தது நிலைத்துவிட்டது! மிரட்டல்கள் வந்தன. பிற்பாடு அவர் குடும்பத்துடன் தொலைவில் உள்ள ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபோனார்.

2004-ல் ரெட் சாக்ஸ் கடைசியாக ஜெயித்தது. 2007-லும் ஜெயித்தது. 2008 ஏப்ரலில், பாஸ்டனில் முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க பக்னரை அழைத்தார்கள்.

அவர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நின்றபாடில்லை. பக்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல காட்சிதான். ஆனால், கைதட்ட 22 வருடம் ஆயிற்றே! இரண்டு தடவை ஜெயித்த பிறகு மன்னிப்பது பெரிய காரியமா? தோற்ற அன்று கைதட்டியிருந்தால் அல்லவா அது பெருமை! பக்னர் 2019-ல் காலமானார்.

சுவரில் எழுதிய பெயர்கள்

2016-ல் கப்ஸ் மறுபடியும் உலகத் தொடருக்கு வந்தது. எதிர்க்கோஷ்டி கிளீவ்லாந்து. நாலு ஆட்டம் முடிந்தபோது கப்ஸ் 3-1 என்று பின்தங்கியிருந்தது. பிறகு விடாமல் பிடித்து, கடைசி ஆட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நவம்பர் 2-ந் தேதி இரவு. 9 சுற்று முடிவில் 6-6 என்று சமம். மழை வந்தது. 17 நிமிடம் ஆட்டம் நின்றது. பத்தாவது சுற்றில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது. 108 வருடக் காத்திருப்பு முடிந்தது!

அந்த நாட்களில் ரிக்லி மைதானத்தின் செங்கல் சுவர் முழுவதும் சாக்கட்டி எழுத்துக்கள். இந்த வெற்றியைப் பார்க்காமலே இறந்துபோன அப்பா, தாத்தா, பாட்டியின் பெயர்களை ஜனங்கள் எழுதி வைத்தார்கள். சின்னக் குழந்தைகளைத் தோளில் தூக்கி எழுத வைத்தார்கள்.

ஒருவர் பல நூறு மைல் காரோட்டிக்கொண்டு, தகப்பனார் கல்லறைக்குப் போனார். கடைசி ஆட்டத்தைச் சேர்ந்து கேட்போம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல்லறைப் பக்கத்தில் வர்ணனையைக் கேட்டார்.

தோற்றுக்கொண்டே இருந்த கோஷ்டிதான். ஆனால், அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாலைப் பொழுதுகள் தோற்றுப்போகவில்லை.

அன்று இரவு கிளீவ்லாந்து ரசிகர்கள் மழையில் நனைந்தபடி வீடு திரும்பினார்கள். அவர்கள் கடைசியாக ஜெயித்தது 1948-ல்!

மோதிரம்

ஜெயித்தவர்களுக்கு மோதிரம் செய்தார்கள். அதன் முகப்பைச் சுற்றி 108 வைரங்கள். உள்பக்கம் ஒரு குட்டி ஆட்டின் உருவம்!

2017-ல் கப்ஸ் கோஷ்டியார் அந்த மோதிரம் ஒன்றை, 2003-ல் பந்தில் கை வைத்த அந்த வாலிபருக்குக் கொடுத்தார்கள். அதற்குள் அவர் நாற்பது வயதை நெருங்கியிருந்தார். விளையாட்டைப் பொழுதுபோக்காகப் பார்க்க வேண்டும், ஒருவர் தலையில் பழியைச் சுமத்தக்கூடாது என்று ஓர் அறிக்கையில் சொன்னார். நேரில் வந்து மேடை ஏறவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, கப்ஸ் தன் சொந்த மைதானத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் 'டாட்ஜர்ஸ்' கோஷ்டியிடம் 11-1 என்று படுதோல்வி அடைந்தது. பட்டம் கை நழுவியது.

கம்பத்தில் நீலக் கொடி ஏறியது. ரயிலில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனார்கள்.