டோனாவூர்ச் சித்திமார்

திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி, களக்காடு வழியாகத் தெற்கே பிரயாணம் செய்கிறவர்களுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை வலக்கைப் பக்கமாக மிக அண்மையில் வந்துவிடும் ஓரிடத்தில், பனையும் வாழையும் குளத்துப் பாசன வயல்களும் கலந்து கிடக்கும் நிலப்பரப்பின் நடுவே, டோனாவூர் என்னும் சிற்றூர் தென்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாளையங்கோட்டையில் இருந்து ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் காலத்தில், அங்கே கோயில் எழுப்பப் பணம் அனுப்பிய பிரஷ்ய தேசத்து டோனா பிரபுவின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. தூரதேசத்திலிருந்து பணம் அனுப்பி இந்தச் சீமையில் பெயர் நிறுத்தியவர்களுக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையில் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் படித்து வெளிவந்த கல்லூரிக்குத் தம் பெயரைத் தந்திருக்கும் சாரா டக்கர் அம்மையார் இந்தியாவில் காலடி வைத்ததே இல்லை. அவர்களுடைய உபகாரத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இக்கட்டுரை, கப்பலேறி வந்து, இங்குள்ள பாஷையைக் கற்று, பிறர் பெற்ற குழந்தைகளைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு, திரும்பிப் போகாமலே இருந்துவிட்ட சிலரைப் பற்றியது.

அவர்களுள் முதல்வரான எமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்மணி 1867-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். ஜப்பானில் ஓராண்டுக்கு மேல் ஊழியம் செய்து, உடல்நலம் கெட்டு, இலங்கையிலும் சிறிது காலம் இருந்து ஊர் திரும்பியவர், 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தமிழில் நல்ல பயிற்சியுள்ள வாக்கர் ஐயர் என்ற மிஷனரியிடம் மாணவியாக அமர்ந்து தமிழ் படித்ததுதான். பிறகு சில சுதேசப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். குழந்தைகளுக்கென்று ஒரு ஸ்தாபனம் அமைக்கும் உத்தேசம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தாமிரபரணியின் வடகரையில், நவதிருப்பதிகளுள் ஒன்றான பெருங்குளத்துக்கு அடுத்தாற்போல் பண்ணைவிளை இருக்கிறது. 1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ப்ரீணா என்ற ஏழு வயதுச் சிறுமி, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகத் தன்னை வளர்த்துவந்த வீட்டிலிருந்து தப்பியோடி, எமி தங்கியிருந்த அந்தப் பண்ணைவிளை வந்து சேர்ந்தாள். அதற்கு முன்பே ஒருமுறை தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடிப்போனாள். தாயே அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட, தண்டனையாகக் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். அந்தச் சிறுமி சொன்ன விவரங்களே எமியின் வாழ்க்கையை வேறு திசையில் திருப்பின. 1904-இல் டோனாவூரில் அவரிடம் முதல் கைக்குழந்தை வந்து சேர்ந்தது. 1913-க்குள் நூற்றுமுப்பது குழந்தைகள் சேர்ந்துவிட்டனர். நாடகக் குழுக்களுக்கும் பிறவற்றுக்கும் விற்கப்படும் ஆண் குழந்தைகளுக்காக 1918-இல் தனிப் பகுதி ஒன்று தொடங்கப்பட்டது.

எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டு போவது எளிது. ஆனால் ஆரம்பக் காலத்தில் அந்தக் கைக்குழந்தைகளைப் பிழைக்கவைப்பதே பெரும் பாடாக இருந்தது. இன்ன ஜாதி என்று தெரியாத பச்சைக் குழந்தைக்குப் பாலூட்ட அக்கம்பக்கத்தில் எந்தத் தாயும் முன்வரவில்லை. புட்டிப்பால் எல்லாக் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளவுமில்லை. அவசரத்துக்கு வைத்தியர் பக்கத்தில் இல்லை. ஆகவே திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே ஒரு குழந்தைகள் இல்லம் ஏற்படுத்தப்பட்டது. அதை நடத்தியவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. வயிற்றுப்போக்கு பரவிப் பத்துக் குழந்தைகள் இறந்துபோன காலத்தில், எஞ்சிய குழந்தைகளை இராப்பகலாக மடியில் வைத்துக் காத்தவர் அவர்தான். எமியின் பெயர் உலகமெங்கும் அச்சாகியிருக்க, 1915-இல் புற்றுநோயால் மறைந்த பொன்னம்மாளின் பெயரை நம் ஜில்லாவிலேயே அறிந்தவர்கள் சொற்பம். இது எமியின் குற்றமன்று. அவர் பொன்னம்மாளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். வெளிநாட்டுச் சேவகரை மட்டும் நினைவில் வைத்து, அவரைத் தாங்கி நின்ற உள்ளூர்க்காரரை மறந்துவிடும் சுபாவம் வாசகர்களாகிய நமக்கும் இருக்கிறது.

டோனாவூர் இல்லத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால், உள்ளூர்க்காரர் அதைத் தாங்கி நின்ற உண்மை விளங்கும். அங்கே எமி 'அம்மா'. பின்னால் வந்து சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்கள் 'சித்தி'; குழந்தைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் 'அக்காள்'; ஆண்களாக வந்தவர்கள், நெல்லைச் சீமையின் வழக்கப்படி, 'அண்ணாச்சி'. யார்க்ஷயரிலிருந்து 1907-இல் வந்த செவிலி மேபல் வேட் முதலிய பலர் சித்திமார் வரிசையில் சேர்ந்தனர். 1926-இல் வந்து ஆண்பிள்ளைகளின் பகுதியை ஏற்ற கோட்ஃப்ரீ வெப்-பெப்ளோ அண்ணாச்சி, 1949-இல் டோனாவூரிலேயே காலமானார். இவர்களுக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை; இந்திய உடையையே உடுத்தினார்கள். வர விரும்பியவர்களை எமி எளிதில் சேர்த்துக்கொள்ளவுமில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு அவர் அனுப்பிய கேள்விகளுள் ஒன்று, இதற்கு முன் கடினமான எதையேனும் முயன்று கற்றதுண்டா என்பது. அன்புள்ளம் இருக்கிறதா என்று கேட்பதைவிட இது எவ்வளவு விவேகமான கேள்வி! அன்புள்ளம் இல்லையென்று யார்தான் எழுதி அனுப்புவார்கள்?

1931-ஆம் ஆண்டு அக்டோபரில், மருந்தகம் அமைப்பதற்காகக் களக்காட்டில் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போன எமி, அந்திக் கருக்கலில் குழியொன்றில் கால் தவறி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் தம் அறையை விட்டு அதிகமாக வெளியே வந்ததில்லை; அங்கிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். 1951 ஜனவரியில் இறந்தபோது அவர் இந்தியாவுக்கு வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வளவு காலத்தில் ஒருமுறைகூட அவர் தாய்நாட்டுக்குப் போய்வரவில்லை.

இவ்வளவையும் போற்றுதலோடு எழுதுகிற எனக்குச் சில ஆட்சேபங்களும் உண்டு. இல்லத்துக்கு வந்த குழந்தைகளுக்குப் புதிய பெயர் வைக்கப்பட்டது. அவர்கள் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள். பெற்ற வீட்டோடு தொடர்பு பெரும்பாலும் அறுந்தது. சிறுமியரைக் கடத்தியதாக எமியின்மேல் குற்றச்சாட்டு எழுந்து நீதிமன்றம் வரை போயிற்று. 1903-இல் வெளியான அவருடைய புத்தகம் இந்து சமுதாயத்தை இருட்டாகவே தீட்டுகிறதென்று வருந்தியவர்கள் இந்துக்கள் மட்டுமல்லர். அவரைத் தாய்நாட்டுக்கே திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டுமென்று விரும்பிய மிஷனரிகளும் இருந்தார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சி, அந்நியர் கையில் மட்டும் விடப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் அந்த வழக்கத்துக்கு எதிராக வாதாடியதோடு, ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லத்தையும் தொடங்கினார். மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். தடைச்சட்டம் 1947-இல் நிறைவேறியது.

எமி மறைந்த அதே 1951-இல், உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக ஜான் பௌல்பி என்ற ஆங்கில மனநல வைத்தியர் எழுதிய அறிக்கை ஒன்று வெளிவந்தது. வீடிழந்த குழந்தைகளின் நிலையை ஆராய்ந்த அவர், சிசுவுக்கு உணவும் சுத்தமும் போதா; தாயோ, தாயின் ஸ்தானத்தில் நிலையாக இருக்கும் ஒருவரோ, இடையறாத உறவோடு உடனிருக்க வேண்டும் என்று முடிவு கூறினார். பிற்காலத்தில் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரத்தில், 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆராய்ச்சி, அநாதை விடுதியில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், பல வகையிலும் தெளிவாகத் தேறினார்கள். மடியில் வைத்து வளர்த்த பொன்னம்மாள் இதை ஆராய்ச்சியின்றியே அறிந்திருந்தார் என்று நான் எண்ணுகிறேன்.

இப்படி நிலையாக உடனிருப்பவரே குழந்தைக்குத் தேவையாயிருக்க, இக்காலத்தில் 'நீண்டகாலத் தன்னார்வச் சேவை' என்று உலகம் வழங்குவது பெரும்பாலும் ஓராண்டைக் குறிக்கிறது. ஜெர்மனி அரசு 2008 முதல் நடத்திவரும் 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டத்தில் பதினெட்டு முதல் இருபத்தெட்டு வயது வரையுள்ளவர்கள் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை வெளிநாட்டில் பணிபுரியலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றுமைப் படையில் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். ஓராண்டு என்பது இருபது வயது இளைஞனுக்குத் தன்னை அறிந்துகொள்ளப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் 'ஹோம்' என்று நாம் சொல்லும் விடுதியில் வளரும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது வேறு கணக்கு. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சிய அக்காள் ஒருநாள் பெட்டியோடு போகிறாள், அடுத்த மாதம் வேறொரு அக்காள் வருகிறாள், அவளிடமும் ஒட்டிக்கொள்கிறது, அவளும் போகிறாள். முன்பின் தெரியாதவர் வந்ததும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு விருந்தாளிகள் உருகிப்போகிறார்கள். உறவு நிலைக்காத இடத்தில் வளர்ந்ததன் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும் என்கிறார்கள் மனநல நிபுணர்கள்.

இதனினும் கொடிய விளைவும் உண்டு. கம்போடியாவில் 2011-இல் வெளியான ஆய்வு, அநாதை விடுதிகளில் இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருப்பதைக் காட்டிற்று. வெளிநாட்டார் வந்து சேவை செய்யவும் நன்கொடை தரவும் அநாதைகள் தேவைப்பட, அதற்கேற்ப அநாதைகள் உண்டாக்கப்பட்டார்கள் என்பதே இதன் தாத்பரியம். 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்து ஆராய்ந்தது. 2019-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அநாதை விடுதிச் சேவையின் தீங்குகளைச் சுட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. நம் சீமையில் பிள்ளையை 'போர்டிங்கில்' விட்டுப் படிக்கவைப்பது வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு நெடுங்காலப் பழக்கம். பீடி சுற்றிப் பிழைக்கும் தாய், விடுதியில் மூன்று வேளைச் சோறு கிடைக்குமென்று அனுப்புகிறாள். அந்தப் பிள்ளை அநாதையன்று. அதை அநாதை என்று எழுதிப் படமெடுத்து அயல்நாட்டுக்கு அனுப்புவதைப்போல் ஒரு துரோகம் இருக்க முடியாது.

சட்டமும் இப்போது வேறு. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி, பதிவு பெறாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது குற்றம். ஆதரவற்றுக் கிடைத்த குழந்தையை, பிரயாண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும். 1098 என்ற எண்ணை யாரும் அழைக்கலாம். பண்ணைவிளைக்கு ஓடிவந்த ப்ரீணா இன்று வந்திருந்தால், அவளை யாரிடம் வைப்பதென்று எமி அல்ல, அந்தக் குழு தீர்மானித்திருக்கும். குழந்தை கூடியவரை குடும்பத்தில் வளர வேண்டும், விடுதி கடைசி வழியே என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை.

அப்படியானால் அயல்நாட்டு இளைஞர்களுக்கு இங்கே வேலையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது குழந்தையின் அருகே அல்ல. அவர்கள் போன பின்னும் அங்கே தங்கியிருக்கப்போகிற அக்காமார்களின் பக்கத்தில். பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு இரவிலும் விழித்திருக்கும் அந்தப் பெண்கள்தாம் எந்த இல்லத்துக்கும் உயிர்நாடி. ஒருத்தி வேலையை விட்டுப் போனால் ஏற்படும் நஷ்டம், பத்து வெளிநாட்டார் வராமற்போவதால் ஏற்படும் நஷ்டத்தைவிடப் பெரிது. வெளியிலிருந்து வரும் பணத்தில் ஒரு பங்கு அவர்களுடைய சம்பளத்துக்கென்று ஒதுக்கப்பட்டால் அதுவே பெரும் சேவை என்பது என் அபிப்பிராயம். ஆனால் சம்பளத்துக்குப் பணம் கொடுக்கிறவர்களைவிட, சுவருக்கு வர்ணம் பூச வருகிறவர்களே எப்போதும் அதிகம்.

தொழிற்பயிற்சி உள்ளவர்களின் காரியம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், காது கேளாத பிள்ளைகளுக்காக ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையாரும், பார்வையற்றவர்களுக்காக ஆஸ்க்வித் அம்மையாரும் பாளையங்கோட்டையில் தொடங்கிவைத்த பள்ளிகள், நூறாண்டு கடந்தும் நடைபெறுவதற்குக் காரணம், தொடங்கியவர்கள் கற்பித்த வித்தையை உள்ளூர் ஆசிரியர்கள் கைக்கொண்டு அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்ததே. மூளைவாதம் உள்ள குழந்தையின் கைகால்களை எப்படிப் பிடித்து நீட்டி மடக்குவது, வாய் பேச வராத பிள்ளைக்குப் படங்களைக் கொண்டு பேச எப்படிப் பழக்குவது என்பன போன்றவற்றை அறிந்த ஒருவர், ஓராண்டு வந்து தங்கி, முதல் மூன்று மாதம் தமிழ் படித்து, மீதி ஒன்பது மாதமும் இங்குள்ள ஆசிரியைகளுக்கும் தாய்மார்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால், அவர் விமானம் ஏறிய மறுநாளும் வகுப்பு வழக்கம்போல் நடக்கும்.