அலை சுமந்த ஊர்

நுழையும்முன்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தொழிலையும் வாழ்வையும் வகுத்துக் காட்டியது தமிழ் மரபு. நெய்தல் நிலத்தார்க்கு மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் தொழில்கள். அலையின்மேல் பலகையிட்டுச் சறுக்குதல் அந்தப் பட்டியலில் இல்லை. இன்று தமிழகத்தின் மீனவச் சிற்றூர் ஒன்று அலைச்சறுக்கால் நாடறிந்த ஊராகியுள்ளது. ஓர் ஊரின் இயற்கை வளத்தைத் தேடி வெளியார் வரும்பொழுது, அவ்வளத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் பெறுவது என்ன, இழப்பது என்ன என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோவளம்: பழைய துறை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், செங்கற்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் கோவளம். ஊரின் வடபால் முட்டுக்காட்டுக் கழி கடலோடு கலக்கிறது. கேரளத்தில் இதே பெயருடைய கடற்கரை ஒன்று உண்டு. ஆயினும் வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் இருக்கிறது. 1722ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒஸ்டெண்ட் வணிகக் குழு, சோழமண்டலக் கடற்கரையில் தன் பண்டகசாலையை இங்குதான் நடத்தியது. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் கோட்டை எழுந்தது. பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1752இல் இராபர்ட் கிளைவின் படை அவர்களை வென்றது, கோட்டையும் தகர்க்கப்பட்டது.

வணிகர் வந்தனர், சென்றனர். படைகள் வந்தன, மறைந்தன. மீனவர் மட்டும் கரையிலேயே இருந்தனர். கட்டுமரம், வலை, மீன் என்னும் மூன்றையும் சுற்றியே ஊரின் வாழ்வு இயங்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று தமிழகக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், கடலைக் கண்டால் அஞ்சும் நிலை கடற்கரையூர்கள் பலவற்றில் ஏற்பட்டது. அத்தகைய கரையொன்றில் அலையோடு விளையாடும் கலை வேரூன்றியது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அலை பிறக்கும் முறை

கரையில் நாம் காணும் அலை பெரும்பாலும் அக்கரைக்கு அருகில் பிறந்ததன்று. நடுக்கடலில் வீசும் காற்று நீரின் மேற்பரப்பில் தன் ஆற்றலைச் செலுத்துகிறது. காற்றின் விரைவு, அது வீசும் காலம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் அலையின் அளவை உறுதிசெய்கின்றன. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் உருவாக்கும் அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரையை அடைவதுண்டு. இப்பயணத்தில் பெயர்ந்து செல்வது ஆற்றலே. நீர்த்துளிகள் தத்தம் இடத்திலேயே ஏறத்தாழ வட்டமாகச் சுழல்கின்றன.

கரையை நெருங்கும்பொழுது ஆழம் குறைகிறது. அலையின் அடிப்பகுதி தரையின் தடையை உணர்ந்து விரைவு குன்றுகிறது. பின்வரும் நீர் நெருங்க, அலை உயர்கிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்பொழுது அதன் முகடு முன்னோக்கிச் சரிந்து உடைகிறது. இந்தச் சரிவே அலைச்சறுக்கு வீரரின் களம்.

எல்லாக் கரையும் இதற்கு ஏற்றதாகாது. நேர்கோடாக அமைந்த கரையில் அலை முழுவதும் ஒரே நேரத்தில் உடைந்துவிடும். நிலம் கடலுக்குள் முனையாக நீண்டிருக்கும் இடத்தில், அலை அம்முனையைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகச் சிறிது சிறிதாக உடையும். பலகையின்மேல் நிற்பவர் உடையும் பகுதிக்கு முன்னால் விலகிச் சென்றுகொண்டே நெடுந்தொலைவு சறுக்கலாம். கோவளத்திற்கு வாய்த்த பேறு இத்தகைய முனையே.

தெரிந்து தெளிவோம்

தென்பெருங்கடலிலிருந்து வரும் நெடிய அலைகள், உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் கரையைத் திடீரெனத் தாக்குவதுண்டு. கேரள மீனவர் இதற்குக் ‘கள்ளக்கடல்’ எனப் பெயரிட்டனர். திருடனைப்போல் அறிவிப்பின்றி வருவதால் இப்பெயர். ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இன்று தன் எச்சரிக்கைகளில் மீனவரின் இச்சொல்லையே பயன்படுத்துகிறது.

கரையோரின் கடலறிவு

அலைச்சறுக்கு இவ்வூருக்குப் புதியது, அலையறிவு புதியதன்று. கட்டுமரத்தைக் கடலுக்குள் செலுத்துவதில் கடினமான கட்டம் அலை உடையும் பகுதியைக் கடப்பதே. அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். இரு கூட்டங்களுக்கு இடையில் சிறிது ஓய்வு இருக்கும். அந்த ஓய்வைக் கணித்து மரத்தைத் தள்ளுபவர் உள்ளே செல்வார், தவறுபவர் கவிழ்வார். மீண்டு வரும்பொழுது பின்னால் எழும் அலையின் முதுகில் மரத்தை ஏற்றிக் கரைக்கு விரைவதும் உண்டு. அலைச்சறுக்குப் பயிற்சியாளர் மாணவருக்கு முதலில் கற்பிக்கும் பாடங்களும் இவையே: அலையை எண்ணுதல், காத்திருத்தல், உரிய நொடியில் எழுதல்.

காற்றையும் நீரோட்டத்தையும் மீனவர் பெயரிட்டு அறிவர். வாடை, கொண்டல், கச்சான் என்பன காற்றின் பெயர்கள். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தை ‘வன்னி’ என்றும், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுவதைத் ‘தெண்டி’ என்றும் சென்னைப் பகுதி மீனவர் வழங்குவர். நீரோட்டத்தை அறிந்தவர்க்கே வலை விரிக்கும் இடமும் தெரியும். கரையிலிருந்து உள்ளிழுக்கும் ஓட்டத்தில் சிக்கியவரை மீட்கும் வழியும் தெரியும்.

தீவில் பிறந்த கலை

அலைச்சறுக்கின் தாயகம் பசிபிக் பெருங்கடலின் எரிமலைத் தீவுகளாகும். அவற்றுள் ஹவாய் புகழ்பெற்றது. அங்கு அரசரும் மீனவரும் ஆடவரும் பெண்டிரும் அலையேறினர். 1778இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் அத்தீவுகளை அடைந்தன. ஐரோப்பியர் அலையேறுவோரைக் கண்டு வியந்து எழுதினர். அதன்பின் வெளியிலிருந்து வந்த நோய்களால் தீவின் மக்கள்தொகை பெரிதும் குறைந்தது. 1820 முதல் வந்த சமயப் பரப்புநர் பலர் இவ்விளையாட்டை விரும்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலை அருகிப்போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை மீட்டவருள் முதன்மையானவர் ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹானமோக்கு. 1912, 1920 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற அவர், தாம் சென்ற நாடுகளில் அலைச்சறுக்கைச் செய்துகாட்டினார். அவ்விளையாட்டு 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது.

தெரிந்து தெளிவோம்

ஹவாய் மொழியில் அலைச்சறுக்கின் பெயர் ‘ஹேஎ நலு’. ‘ஹேஎ’ என்பது சறுக்குதலையும் ‘நலு’ என்பது அலையையும் குறிக்கும். தமிழில் நாம் வழங்கும் ‘அலைச்சறுக்கு’ என்னும் சொல் அதே பொருளைத் தருவது இனிய ஒற்றுமை. தமிழின் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லோ ஆங்கிலம் முதலிய மொழிகளுக்குச் சென்று, இரட்டை அடிப்பகுதி கொண்ட படகின் பெயராக உலகெங்கும் வழங்குகிறது.

பலகை ஊருக்குள் வந்த வழி

இந்தியாவில் இக்கலையை முதலில் பரப்பியவருள் ஒருவர் ஜாக் ஹெப்னர். அமெரிக்கரான இவர், கர்நாடகத்தின் முல்கி என்னும் கடற்கரையூரில் ஆசிரமம் அமைத்து அலைச்சறுக்கு பயிற்றுவித்தார். கோவளத்தின் மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், சிறுவனாக இருந்தபொழுதே மரத்துண்டின்மேல் அலையேறி விளையாடியவர். இவர் ஹெப்னரின் பலகையில் முதன்முறையாக ஏறி நின்றார். தாம் கற்றதை ஊர்ச் சிறுவர்க்குக் கற்பித்தார். பின்னர்த் தொழில்முனைவோரான அருண் வாசுவின் துணையோடு 2012இல் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி நிறுவப்பட்டது. மதுவும் புகையும் கூடாது என்பது அங்குப் பயிலும் இளைஞர்க்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு. 2013 முதல் அலைச்சறுக்குத் திருவிழாவும் நடைபெறலாயிற்று.

அதன்பின் வளர்ச்சி விரைவாக இருந்தது. 2021இல் கோவளம் கடற்கரை, தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் வழங்கப்படும் ‘நீலக்கொடி’ச் சான்றிதழைப் பெற்றது. 2023 ஆகஸ்டில் அருகிலுள்ள மாமல்லபுரத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025இல் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டியும் அங்கேயே நடைபெற்றது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார்.

ஊருக்கு வந்த மாற்றம் பதக்கங்களோடு நின்றுவிடவில்லை. மீன் கிடைக்காத நாளில் வருவாய்க்கு வேறு வழியற்றிருந்த குடும்பத்தில், பயிற்சியாளராகவும் உயிர்காப்பாளராகவும் ஊதியம் பெறும் இளைஞர் தோன்றினர். கடலுக்குச் செல்லும் தொழில் ஆடவர்க்கே உரியதாக இருந்த கரையில், சிறுமியரும் பலகையோடு கடலில் இறங்கலாயினர். தந்தையின் கடலறிவு பயனற்றதென்று நகர வேலை தேடிப் புறப்படும் மகனுக்கு, அவ்வறிவே மூலதனமாகும் என்னும் எண்ணம் பிறந்தது. இவற்றை எளிய பயன்களாகக் கருத இயலாது.

புகழின் விலை

புகழுக்கு விலையும் உண்டு. விருந்தினர் பெருகப் பெருகக் கரையோர நிலத்தின் மதிப்பு உயர்கிறது, விடுதிகள் எழுகின்றன. மணற்பரப்பு நகரத்தார்க்கு ஓய்வெடுக்கும் வெளி. மீனவர்க்கோ அது படகு நிறுத்தும் துறை, வலை பழுதுபார்க்கும் பட்டறை, கருவாடு உலர்த்தும் களம். இவற்றுக்கு வீட்டுப் பட்டாவைப்போல் தனியொருவர் பெயரில் ஆவணம் இருப்பதில்லை. வழிவழி வந்த பயன்பாடே சான்று. ஆவணமில்லாத உரிமை எளிதில் மறக்கப்படும். கரையைக் காக்க 1991இல் வெளியிடப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011இலும் 2019இலும் புதிய வடிவம் பெற்றது. கட்டுமானம் எங்கே கூடும், எங்கே கூடாது என வரையறுக்கும் இவ்விதிகளை அறிந்திருப்பது கடற்கரை மக்களுக்குத் தற்காப்பாகும்.

உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்று இதனை விளக்கும். பசிபிக் பெருங்கடலின் தஹிதி ஓர் எரிமலைத் தீவு. அங்குள்ள தேஆஹுபோஓ என்னும் சிற்றூரின் அலை உலகின் வலிமைமிக்க அலைகளுள் ஒன்று. ஆழ்கடல் திடீரெனப் பவளத்திட்டாக உயர்வதால், அலை தன் ஆற்றலை இழக்காமல் வந்து உடைகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி, பாரிசிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இவ்வூரில் நடைபெற்றது. நடுவர்க்கெனப் பவளத்திட்டின்மேல் புதிய கோபுரம் அமைக்கத் திட்டமிட்டபொழுது, ஊர்மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பவளம் சிதைந்தால் மீன்வளம் கெடும், அலையும் மாறும் என்பது அவர்கள் வாதம். 2023 டிசம்பரில் நடந்த முன்னோட்டப் பணியில் மிதவைக் கலம் ஒன்று பவளத்தைச் சேதப்படுத்தியது. மக்கள் அஞ்சியது மெய்யாயிற்று. அதற்கு முன்பே, எதிர்ப்பின் விளைவாகக் கோபுரத்தின் அளவும் எடையும் குறைக்கப்பட்டிருந்தன. போட்டி நடந்தது; ஊரின் குரலும் பதிவாயிற்று.

மலைக்கும் அதே வினா

இவ்வினா கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. கொங்கு நாட்டின் ஆனைமலையைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலையின் தேக்குமரங்கள் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்திற்கு வெட்டிக் கொண்டுசெல்லப்பட்டன. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கிக் கீழே விட்ட இடமே ‘டாப்சிலிப்’ எனப் பெயர் பெற்றது. கோவளத்தில் மாந்தர் அலைமேல் சறுக்குகின்றனர். ஆனைமலையில் அன்று மரங்கள் சரிவில் சறுக்கின. இன்று மரம் வெட்டும் தொழில் மறைந்து, டாப்சிலிப் சுற்றுலா இடமாகத் திகழ்கிறது. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இம்மலையின் காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினர் காட்டை நன்கு அறிந்தவர்கள். கோழிகமுத்தி யானை முகாமில் யானையைப் பழக்கும் மலசரின் திறன், கோவளத்து மீனவரின் அலையறிவுக்கு ஒப்பானது. காட்டைக் காண வருவோர்க்கு அவர்கள் வழிகாட்டிகளாக விளங்கினால், சுற்றுலா அவர்களின் அறிவை மதிப்பதாகும். வருவோரின் உடைமையைச் சுமக்கும் கூலிகளாக மட்டும் அவர்கள் எஞ்சினால், மலை இருந்தும் மலைமக்கள் அயலவராவர்.

நிறைவாக

ஓர் ஊருக்கு விருந்தினர் வருவது தீதன்று; வருவாயின்றி வாடும் ஊருக்கு அது வாழ்வளிக்கும். ஆனால் அவ்வருவாய் யார் கையில் சேர்கிறது, ஊரைப் பற்றிய முடிவை யார் எடுக்கிறார், மூத்தோரின் அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா என்னும் மூன்று வினாக்களை எழுப்பாமல் எந்த வளர்ச்சியையும் அளவிடுதல் கூடாது. கோவளத்தில் பயிற்சியாளர் அவ்வூர் மீனவரின் மகனாகவும் மகளாகவும் இருக்கும்வரை, பலகைக்கும் கட்டுமரத்திற்கும் ஒரே கரையில் இடமிருக்கும்வரை, இம்மாற்றம் ஊரின் வளர்ச்சியாகவே அமையும். அலை அனைவர்க்கும் பொது. அதனோடு வாழ்ந்தோர்க்குக் கரையில் முதல் உரிமை உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கடந்த இரு தலைமுறைகளில் மறைந்த தொழில் ஒன்றையும் புதிதாகத் தோன்றிய தொழில் ஒன்றையும் பற்றி மூத்தோரிடம் கேட்டு எழுதுக.

2. காற்று, மழை, நீரோட்டம் ஆகியவற்றைக் குறிக்க உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களைத் தொகுத்துப் பட்டியலிடுக.

3. ‘சுற்றுலாவால் ஊர் வளரும்’, ‘சுற்றுலாவால் ஊர் தன் இயல்பை இழக்கும்’ – இவ்விரு கருத்துகளை முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.