சிவப்புச் சொட்டு
ஓடும் எந்திரங்கள் – 14

சென்ற வாரம் பிரேக் எண்ணெயின் இயல்பை விளக்கிய இத்தொடர், இவ்வாரம் பானெட்டுக்குள் அதற்கு அருகிலேயே வேறொரு சிறு டப்பாவில் இருக்கும் ஸ்டியரிங் எண்ணெயையும், அது கசியத் தொடங்கினால் செய்ய வேண்டியவற்றையும் எடுத்துக்கொள்கிறது. புதிய சிறு கார்களில் பெரும்பாலானவை மின் மோட்டாரின் துணையால் திரும்புவதால் அவற்றில் இந்த எண்ணெயே கிடையாது. ஆயினும் பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றை ஒட்டிய குருவிநத்தம் போன்ற உழவூர்களில் இன்றும் உழைக்கும் பழைய பொலீரோ, குவாலிஸ், இன்னோவா வகை ஊர்திகளுக்கு எண்ணெயழுத்தமே துணை என்பதால், இக்கசிவு அங்கு அன்றாடச் சிக்கலாகவே நீடிக்கிறது.

எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட பம்பு, டப்பாவிலிருந்து எண்ணெயை இழுத்து அழுத்தி, தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக் என்பது ஸ்டியரிங் சக்கரத்தின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றி முன்சக்கரங்களைத் திருப்பும் பற்களுள்ள தண்டு. அதைச் சுற்றியுள்ள உருளையில் எந்தப் பக்கம் எண்ணெய் பாய்கிறதோ அதற்கேற்பத் தண்டு தள்ளப்படுவதால் ஓட்டுநரின் கைக்கு வேலை குறைகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இலேயே இதை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டியபோதும், இரண்டாம் உலகப் போரின் கவச ஊர்திகளில் பயன்பட்ட பிறகு, 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் அது பொதுவிற்பனைக்கு வந்தது. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 பவுண்டு அழுத்தம் இருக்க, சக்கரத்தை முழுதாகத் திருப்பும் நேரத்தில் இந்த ஹோஸுக்குள் அழுத்தம் 1,000 பவுண்டைத் தாண்டிவிடும் என்பதை அறிந்தால், பழைய ரப்பர் ஏன் தோற்றுப்போகிறது என்பது விளங்கும்.

ரேக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக அமைந்த ரப்பர் உறை உண்டு; பட்டறைகளில் இதை பூட் என்பர். வயல்வரப்புத் தடங்களிலும் ஆற்றங்கரைச் சேற்றிலும் ஓடும் ஊர்தியில் கசிவின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த இந்த உறை கிழிந்தவுடன் மணலும் நீரும் உள்ளே புகுந்து, பளபளப்பாக இருக்க வேண்டிய தண்டில் துருப்புள்ளிகளை உண்டாக்க, தண்டு நகரும் ஒவ்வொரு முறையும் அப்புள்ளிகள் எண்ணெயைத் தடுத்து நிற்கும் ஆயில் சீலின் விளிம்பை அறுக்கின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்ததையும் இப்பகுதி மறந்திருக்காது. அத்தகைய வெள்ளத்தில் நின்ற ஊர்தியின் எஞ்சினை மட்டும் சரிபார்த்துவிட்டு பூட் உறையைப் பாராமல் விட்டால், கேடு சில மாதங்கள் கழித்தே சிவப்பு எண்ணெய்ச் சொட்டாக வெளிப்படும்.

எல்லாக் கசிவும் ரேக்கிலிருந்தே வருவதில்லை. டப்பாவுக்கு எண்ணெய் திரும்பி வரும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். பம்பின் அச்சிலுள்ள சீல் தேய்ந்திருக்கலாம். இணைப்புகளிலுள்ள செம்பு வாஷர் நசுங்கியிருக்கலாம். ஓடும் ஊர்தியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவதால், சொட்டுகிற இடத்தையே கசிகிற இடமாகக் கொள்வது தவறு. முதலில் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் சக்கரத்தை இரு பக்கமும் திருப்ப மற்றொருவர் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதல் ஈரம் தோன்றும் இடத்தைக் கண்டறிவதே முறை. முழுதாகத் திருப்பிய நிலையில் சில நொடிகளுக்கு மேல் சக்கரத்தைப் பிடித்திருந்தால் பம்பு சூடாகிக் கெடும். அழுத்த ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பது கூடவே கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்ல வல்லது என்பதால் ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

பழுதுபார்ப்பு இடத்துக்கேற்ப மாறும். திரும்பும் ஹோஸின் முனை இறுகிப்போயிருந்தால் ஹோஸையும் கிளாம்பையும் மாற்றுவதோடு வேலை முடியும். அழுத்த ஹோஸை வெட்டி ஒட்டுப்போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. முனைகள் எந்திரத்தால் நெருக்கிப் பிடிக்கப்பட்ட புதிய ஹோஸே பொருத்தப்பட வேண்டும், ஏனெனில் ஒட்டுப்போட்டது வெடித்துச் சூடான சைலன்சர் குழாயின்மேல் எண்ணெய் தெறித்தால் தீப்பிடிக்கக்கூடும். ரேக் தண்டில் துருக்குழிகள் விழுந்துவிட்டால் புதிய சீல் போடுவது வீண்செலவு. ரேக்கையே மாற்றி, பிறகு வீல் அலைன்மென்ட் பார்ப்பதே முடிவு. கசிவை அடைப்பதாக விற்கப்படும் திரவங்கள் ரப்பரைச் சற்றே உப்பவைத்துச் சில காலம் தள்ளிப்போடுபவையே அன்றித் தீர்வல்ல.

எண்ணெய் குறைந்தபடியே ஓட்டினால் பம்பு முனகத் தொடங்கும். அந்த எண்ணெயே பம்புக்கு மசகும் ஆதலால், பம்பு உராய்ந்து உதிரும் இரும்புத்தூள் அமைப்பு முழுவதும் பரவிவிடும். எண்ணெய் முற்றிலும் போனாலும் சக்கரம் திரும்பும் என்றாலும், குறுகிய கரைச்சாலையின் வளைவில் ஸ்டியரிங் திடீரெனக் கனப்பது ஆபத்தானது. டப்பா மூடியிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்ட எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றும் வழக்கம் மிகக் கொடியது. கனிம எண்ணெய்க்கென்று செய்யப்பட்ட சீல்களை அதிலுள்ள கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் உப்பவைத்து உருக்குலைப்பதால், சிறு கசிவு முழுப் பழுதாகிவிடும். வேலை முடிந்ததும் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பி, எண்ணெயில் குமிழிகள் அடங்கும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

வடித்தெடுத்த பழைய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் கேடுதரு கழிவு விதிகளின் கீழ் வருகிறது. நிலத்தடி நீரையே குடித்தும் பாய்ச்சியும் வாழும் பாகூர் வட்டாரத்தில் அதை வாய்க்காலிலோ பட்டறையின் பின்புறத்திலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்குமாறு ஊர்தி உரிமையாளர்களும் பட்டறையினரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.