கோடையில் ஒரு கல்விப் பயணம்: மொழியும் படிப்பும் தொழிற்பயிற்சியும்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனோ மகளோ ஆண்டின் தொடக்கத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் வீட்டுக்கு வருவது எம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இன்று நிகழ்கின்றது. கோடை விடுமுறையில் சில வாரங்கள் வேறொரு நாட்டுக்குச் சென்று, அந்நாட்டு மொழியைக் கற்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தைப் பயின்று, ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சியும் பெற்றுத் திரும்பும் திட்டத்துக்கான படிவம் அது. அதைப் பார்க்கும் பெற்றோரின் மனத்தில் எழும் கேள்விகள் நியாயமானவை. இது படிப்பா, உல்லாசப் பயணமா? கோடையில் பிள்ளை வேலை செய்து கொண்டுவரும் பணம் இல்லாமற்போனால் கடனையும் ஊருக்கு அனுப்பும் காசையும் எவ்வாறு சமாளிப்பது? அகதிப் பயணப் பத்திரத்துடன் எல்லை கடக்க முடியுமா? இவற்றுக்கு விடை தேடாமல் மறுத்துவிடுவதும், விடை தெரியாமலே கையொப்பமிடுவதும் ஒரேயளவு தீங்கு விளைவிக்கக்கூடியவை.

நூறாண்டு கடந்த முயற்சி

கோடைகாலத்தை மொழிக்கென ஒதுக்கும் வழக்கம் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்திலுள்ள மிடில்பரி கல்லூரியில் 1915ஆம் ஆண்டு கோடையில் யேர்மன் மொழிப் பள்ளியொன்று தொடங்கப்பட்டது. லிலியன் ஸ்ட்ரோபே என்னும் பேராசிரியை அதனைத் தொடக்கி வைத்தார். கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று மாணவர்கள் உறுதிமொழி அளிக்கும் முறைக்கு இக்கல்லூரியின் கோடைப் பள்ளிகள் பெயர்பெற்றவை. வகுப்பில் மாத்திரமன்றி, உணவு மேசையிலும் விளையாட்டுத் திடலிலும் அந்த உறுதிமொழி செல்லுபடியாகும்.

எட்டு ஆண்டுகளின் பின்னர், 1923 யூலையில், டெலவெயார் பல்கலைக்கழகத்தின் எட்டு மாணவர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினர். முதலாம் உலகப் போரில் பங்குபற்றித் திரும்பிய பிரெஞ்சுமொழிப் பேராசிரியர் றேமண்ட் கேர்க்பிறைட் இத்திட்டத்தை வகுத்தவர். மாணவர்கள் முதலில் நான்சி நகரில் மொழிப்பயிற்சி பெற்றனர். அதன் பின்னரே பாரிஸ் சோர்போனில் விரிவுரைகளைக் கேட்கச் சென்றனர். முதலில் மொழி, பின்னர் பாடம் என்னும் அந்த ஒழுங்கு இன்றுவரை நல்ல திட்டங்களின் முதுகெலும்பாக விளங்குகின்றது.

மூன்றாவது அங்கமான தொழிற்பயிற்சி பின்னரே வேரூன்றியது. 1987இல் றோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் யேர்மன்மொழிப் பேராசிரியர் ஜோன் கிராண்டின், பொறியியல் மாணவர்களுக்கென ஒரு திட்டத்தை வகுத்தார். பொறியியலையும் யேர்மன் மொழியையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், யேர்மனியில் ஒரு பருவம் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய ஆறு மாதங்கள் தொழில் நிறுவனமொன்றிலும் செலவிட்டு, இரு பட்டங்களுடன் வெளியேறுவதற்கு அது வழி செய்தது. ஒரு கோடைக்குள் அடங்காத நீண்ட திட்டம் அது. எனினும் மூன்று அங்கங்களும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதைக் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

அதே 1987ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் எராஸ்முஸ் திட்டம் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களே அதிற் பங்குபற்றினர். 2007இல் தொழிற்பயிற்சியும் அதனுடன் இணைக்கப்பட்டது. எம்மவர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்திட்டத்துக்கு மாணவர் எந்த நாட்டின் குடிமகன் என்பது அளவுகோலன்று. பங்குபற்றும் பல்கலைக்கழகமொன்றில் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்திருப்பதே அளவுகோல்.

மூன்றும் சேர்ந்தால் என்ன பயன்?

புலம்பெயர்ந்து வந்த முதல் தலைமுறையினர் மொழியைத் தொழிலிடத்திலேயே கற்றனர். உணவுச்சாலைச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் பிடித்துக்கொண்ட மொழி அன்றாட வாழ்வுக்கு உதவியது. ஒரு கடிதம் எழுதவோ, ஒரு சட்டப் பத்திரத்தை வாசிக்கவோ அது போதவில்லை. ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் தம் தகைமைக்குரிய வேலையை அடைய முடியாமற்போனமைக்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறத்தில், பாடசாலையில் ஐந்தாறு ஆண்டுகள் ஒரு பிறமொழியைப் பாடமாகக் கற்ற பிள்ளைகள் இலக்கணத்தில் நல்ல புள்ளி பெறுகின்றனர். ஆனால் அம்மொழியில் தொலைபேசியை எடுத்துப் பேசத் தயங்குகின்றனர். வகுப்பில்லாத தொழிலும், தொழிலில்லாத வகுப்பும் தனித்தனியே குறையுடையவை. காலையில் கற்ற சொல்லை மாலையில் பணியிடத்தில் பயன்படுத்தும்போதே அது நிலைபெறுகின்றது.

தமிழுக்கும் இது பொருந்தும். அமெரிக்க இந்தியக் கல்வி நிறுவனம் மதுரையில் நடத்தும் தமிழ்க் கற்கைநெறிக்குப் பிறநாட்டு மாணவர்கள் வருகின்றனர். வகுப்பறையில் எழுத்துத் தமிழையும், கடைத்தெருவிலும் வீடுகளிலும் பேச்சுத் தமிழையும் அவர்கள் பழகுகின்றனர். நூலில் மாத்திரம் கற்ற தமிழ் மதுரைச் சந்தையில் எடுபடாது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

படிவத்தில் எதைப் பார்ப்பது?

முதலாவது, திறமைப் புள்ளிகள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொது முறைப்படி ஓர் ஆண்டு முழுநேரப் படிப்புக்கு 60 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணித்தியால உழைப்பு. ஆகவே 6 புள்ளிகள் தரும் கோடைநெறி 150 முதல் 180 மணித்தியாலங்களைக் கோரும். நான்கு வாரங்களில் அதை முடிப்பதாயின் வாரத்துக்கு 38 முதல் 45 மணித்தியாலங்கள் உழைக்கவேண்டும். இது முழுநேர வேலைக்கு ஒப்பானது. காலையில் இரண்டு மணித்தியால வகுப்பும் எஞ்சிய நேரத்தில் சுற்றுலாவும் காட்டிவிட்டு அதே புள்ளிகளை வாக்களிக்கும் துண்டுப்பிரசுரத்தைச் சந்தேகத்துடன் நோக்குவது நன்று. அப்புள்ளிகளைத் தாய்ப் பல்கலைக்கழகம் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளுமா என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் பெறவேண்டும்.

இரண்டாவது, தொழிற்பயிற்சி. நிறுவனம் எது, மேற்பார்வையாளர் யார், என்ன வேலை, முடிவில் எழுத்துமூலச் சான்று உண்டா என்பவற்றைக் கேட்கவேண்டும். "இடம் பின்னர் அறிவிக்கப்படும்" என்னும் ஒற்றை வரியை நம்பிப் பணம் கட்டுதல் கூடாது. பயிற்சியிடத்தில் எம்மொழி பேசப்படும் என்பதும் முக்கியம். யேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை 2005 முதல் நடத்தும் ஆய்வுப் பயிற்சித் திட்டம் கனடாவிலும் பிரித்தானியாவிலும் படிக்கும் விஞ்ஞான, பொறியியல் மாணவர்களுக்கும் திறந்துள்ளது, உதவித்தொகையும் தருகின்றது. ஆயினும் அங்கு வேலைமொழி பெரும்பாலும் ஆங்கிலமே. ஆய்வு அனுபவம் நாடுவோருக்கு அது சிறந்தது. மொழியை நாடுவோர் அதனுடன் வகுப்பொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, பணம். கட்டணம், பயணம், தங்குமிடம், காப்புறுதி ஆகியவற்றுடன், கோடையில் பிள்ளை ஈட்டியிருக்கக்கூடிய சம்பளத்தையும் செலவாகவே கணக்கிடவேண்டும். சம்பளமற்ற பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அனுபவம். எமது வீடுகளில் அது கடனாகவும் ஆகிவிடலாம். ஆதலால் புலமைப்பரிசில் கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் உறுப்புரை, உயர்கல்வி வாய்ப்பு, கட்டணக் குறைப்பு, புலமைப்பரிசில் ஆகியவற்றில் அகதிகளை ஏனைய வெளிநாட்டவரிலும் தாழ்வாக நடத்தலாகாது என்கின்றது.

பயணப் பத்திரமும் வதிவிட அனுமதியும்

குடியுரிமை பெற்றுவிட்ட குடும்பங்களுக்கு இப்பகுதி தேவைப்படாது. ஏனையோர் கவனமாக வாசிக்கவேண்டியது இதுவே.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு உடன்படிக்கையின் 28ஆம் உறுப்புரைப்படி பயணப் பத்திரம் கிடைக்கும். ஷெங்கன் நாடொன்றின் வதிவிட அனுமதியும் அப்பத்திரமும் உள்ளவர், ஏனைய ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். ஆனால் இந்த உரிமை தங்குவதற்கே உரியது. வேலை செய்வதற்கு அன்று. சம்பளமுள்ள தொழிற்பயிற்சியைச் சில நாடுகள் வேலையாகவே கொள்ளும். எனவே அந்நாட்டுத் தூதரகத்தில் முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும். பிரித்தானியாவிலோ கனடாவிலோ வழங்கப்பட்ட அகதிப் பத்திரம் வைத்திருப்போர், செல்லும் நாட்டின் விதியைத் தனியே பார்க்கவேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழமையாக 15 நாட்களில் வரும், சிலவேளை 45 நாட்களும் ஆகலாம். பத்திரமும் வதிவிட அனுமதியும் திரும்பிவரும் நாளுக்குப் பின்னரும் செல்லுபடியாகுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதாபிமான அடிப்படையில் மட்டும் வதிவிடம் பெற்றவர்களின் நிலை வேறு. பல நாடுகள் அவர்களிடம் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டையே கேட்கின்றன. அகதி நிலை பெற்றவர், தாம் தப்பிவந்த நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொள்வதோ, அந்நாட்டுக்குச் செல்லும் பயணத்தில் இணைவதோ அந்நிலையை இழப்பதற்குக் காரணமாகலாம். தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் எந்தக் காரணங்கொண்டும் சட்டத்தரணியைக் கேளாது எல்லை கடத்தல் ஆகாது. அனுமதியின்றி வெளியேறுவதைக் கோரிக்கையை மீளப் பெற்றதாகக் கருதும் நாடுகள் உள்ளன. ஆறு வாரப் பயிற்சிக்காகப் பல ஆண்டுக் காத்திருப்பைப் பணயம் வைக்கலாகாது.

அவ்வாறு தடைப்பட்ட பிள்ளைக்கு வழியே இல்லையா? உண்டு. மிடில்பரியில் மாணவர்கள் அமெரிக்க மண்ணிலேயே இருந்து யேர்மன் மொழியைக் கற்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள். வாழும் நாட்டின் பல்கலைக்கழகங்களே நடத்தும் கோடை மொழிநெறியுடன், அந்த மொழி பேசும் ஒரு பணியிடத்தில் சட்டத்துக்கு உட்பட்ட பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் பயனின் பெரும்பகுதி கைகூடும்.

பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்ற தயக்கமும் எம்மிடையே உண்டு. தங்குமிடம், பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றை மகனுக்கும் மகளுக்கும் ஒரேவிதமாகக் கேளுங்கள். விடைகள் திருப்தியாயின் இருவருக்கும் ஒரே அனுமதியைக் கொடுங்கள்.

எமது தலைமுறை எல்லைகளைக் கடந்தது உயிரைக் காத்துக்கொள்ள. எமது பிள்ளைகள் கற்பதற்காகக் கடக்கின்றனர். அந்த வேறுபாட்டைப் பெறுவதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. ஆகவே படிவம் வீட்டுக்கு வரும்போது பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து, புள்ளிகள், பயிற்சியிடம், பணம், பத்திரம் என்னும் நான்கையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுப்பார்களாக.