இதயத் தளர்ச்சியும் சிறுநீரகமும்

இதயத் தளர்ச்சியுற்றோரின் இரத்தப் பரிசோதனைத் தாளில் 'கிரியாட்டினின்' அளவு ஏறி வருவதைக் கண்டு, “நோய் நெஞ்சில்தானே, சிறுநீரகத்துக்கு என்ன வந்தது?” என்று வீட்டார் திகைப்பதுண்டு. அவ்விரு உறுப்புகளுக்கும் உள்ள தொடர்பை இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. சிறிய உறுப்புகளுக்கு இத்துணை இரத்தம் எதற்கு எனில், வடிகட்டித் தூய்மை செய்வதற்கே. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராகக் கழித்து, எஞ்சியதை இரத்தத்திலேயே அவை மீண்டும் சேர்க்கின்றன.

இதயம் தளருங்கால் இருவகை இடர் நேர்கிறது. ஒன்று, சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. மற்றொன்று, திரும்பிச் செல்ல வேண்டிய இரத்தம் சிரைகளில் தேங்குகிறது. வாய்க்காலில் நீர் வராவிடினும் பயிர் வாடும். வடிகால் அடைபடினும் பயிர் அழுகும் அன்றோ? இங்கும் அவ்வாறே வடிக்கும் திறன் குன்றுகிறது.

இரத்த வரவு குறைந்ததும், உடலில் நீர் வற்றியதாகவே கொண்டு, சிறுநீரகம் 'ரெனின்' என்னும் பொருளைச் சுரக்கிறது. இதனை 1898ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் கண்டறிந்தனர். அதன் விளைவாக இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, கால் வீங்குகிறது. தளர்ந்த இதயத்தின் சுமை மேலும் ஏறுகிறது.

இந்தச் சுழலை அறுக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றுள் சிலவற்றைத் தொடங்கியதும் கிரியாட்டினின் சற்றே உயரக்கூடும். வடிகட்டியினுள் அழுத்தம் தணிவதே இதற்குக் காரணம். சிறு உயர்வு பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கதே. அதனைக் கண்டு அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் இதயத்துக்குக் கிடைத்த காப்பினை இழக்கின்றனர். எவ்வளவு உயர்வு தகும் என்பதை, பொட்டாசியத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்து, மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும்; சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த அவர் கூறலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. ஊரிலிருந்து வரும் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றில் உப்பு மிகுதி. நாவுக்கு இனியவையாயினும் நோயாளிக்கு ஆகா. மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் வலிநீக்கி மாத்திரைகள் பல, சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தை மேலும் குறைப்பவை. 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருப்பதுண்டு. இளநீரிலும் அது மிகுதி. ஆகவே கேளாமல் கொள்ளலாகாது. காலைதோறும் எடை பார்த்துக் குறித்து வருக. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், அது பெரும்பாலும் தேங்கிய நீரே. மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

பணி மாற்றத்தால் ஊர் மாறும் நம்மவர்க்கு மருத்துவரும் மாறுகிறார். பரிசோதனைத் தாள்களையும் மருந்துச் சீட்டுகளையும் தேதி வரிசையில் கோத்து வைத்துக்கொள்க. கிரியாட்டினின் திடீரென ஏறியதா, மெல்ல ஏறியதா என்பதைப் புதிய மருத்துவர் அவற்றைக் கொண்டே அறிவார். நமக்கு மொழி வராத ஊரிலும் அவ்வெண்களை அவர் படித்துக்கொள்வார்.