ஓரத்தில் எழுதிய சேதிகள்

இன்லேண்டு லெட்டரில் பெரிய பக்கம் நிறைந்த பிறகுதான் வீட்டில் பரபரப்பு தொடங்கும். “இன்னும் இடம் இருக்கா?” என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். மடித்து ஒட்டும் சிறு பகுதியிலும் ஓரங்களிலும் எழுத்து பொடிப்பொடியாக ஏறும். பசு கன்று போட்டது, கிடாரி. கொல்லை முருங்கை காற்றில் முறிந்தது. சின்னவன் சைக்கிள் பழகிவிட்டான், குரங்கு பெடல்தான்.

நடுப்பக்கத்தில் பத்திர விவகாரமும் வரன் பார்த்த விவரமும் இருக்கும். அவற்றுக்குப் பதில் எழுதியதும் வேலை முடிந்தது. வெளியூரில் இருந்தவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தது அந்த ஓரத்து வரிகளைத்தான்.

இந்தியாவில் தபால் கார்டு 1879இல் காலணா விலையில் வந்தது. கார்டில் எழுதியதை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் குடும்பங்கள் அதில் பாதியைத்தான் எழுதின. 1950 அக்டோபர் 2 அன்று வந்த இன்லேண்டு லெட்டர், மூடி ஒட்டக்கூடிய மலிவான தாள். மருமகளின் மசக்கை, மாமியாரின் மூட்டுவலி, கைமாற்று வாங்கிய தொகை எல்லாம் அதற்குள் தைரியமாக ஏறின.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் ஆச்சி, பிலாய் உருக்காலையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் போட்ட கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணை உட்கார்த்திச் சொல்லச் சொல்ல எழுத வைப்பாள். “பிசான நடவு முடிஞ்சிது. ஆத்துல தண்ணி நல்லாப் போகுது. மேலவீட்டுத் தாத்தாவுக்கு இப்பம் தேவலை. உன் வேப்பமரத்துக் கிளையை வெட்டணும்னு சொன்னாங்க, நான் விடலை.” சிறுவயதில் அப்பா நட்ட மரம் அது. கீழே அந்தப் பெண் தன் கணக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: “மாமா, நான் எட்டாம் வகுப்பு பாஸ்.”

இலக்கியவாதிகள் வீட்டிலும் இதே கதைதான். புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாக வந்திருக்கின்றன. 1948இல் மறைந்த அவருடைய கதைகளைப் படித்தவர்கள், இதில் பணமுடையோடும் உடல்நலக் கவலையோடும் வீட்டை விசாரிக்கும் ஒரு கணவரைப் பார்க்கலாம். இடைசெவலில் கூட வளர்ந்த கி.ராஜநாராயணனுக்குக் கு.அழகிரிசாமி எழுதிய கடிதங்களில் சங்கீதப் பேச்சு உண்டு. இருவருக்கும் அது உயிரான பொழுதுபோக்கு.

எஸ்.டி.டி. பூத் வந்தபோது சிறு சேதிகள்தான் முதலில் அடிபட்டன. சிவப்பு எண்கள் கண்முன்னே ஏற ஏற, “எல்லாரும் சௌக்கியமா? சரி, வைக்கட்டுமா?” என்பதோடு பேச்சு முடிந்தது. முருங்கை முறிந்ததைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? இன்று பேச ஏறக்குறைய காசே இல்லை. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் பூங்கொத்துப் படமும் எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்பும்தான் நிறைய. அதற்கிடையில் துபாயில் இருக்கும் மகளுக்கு என் அத்தை தினமும் சாயங்காலம் பேசி அனுப்பும் குரல் பதிவு எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. மாடித் தொட்டியில் கத்தரி பூ விட்டது, ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் பாதிக் கூலிதான் தந்தாள், மாமா மறுபடி கேரம் ஆடப் போகிறார். மகள் பஸ்ஸில் போகும்போது கேட்பாளாம். போன் மாறினால் இவை போய்விடக்கூடும். வாரத்துக்கு ஒன்றையாவது நோட்டில் எழுதி வைக்கும்படி அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக் கம்பியில் இன்னும் பழைய கடிதங்கள் குத்தியிருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். துரு தாளை அரிக்கும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், அது பழுத்துக் கறையாகும். எழுதியவர் வருடம் போடாமல் விட்டிருந்தால் தபால் முத்திரையைப் பாருங்கள். ‘சின்னவன்’, ‘மேலவீட்டுத் தாத்தா’ என்று மட்டுமே எழுதியிருக்கும். அவர்கள் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயர்களைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி, அந்தந்தக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.