ஐரோப்பாவில் ஓர் ஆய்வு அரையாண்டு: விண்ணப்பமும் ஒப்பந்தமும்

எமது பல்கலைக்கழகங்களின் இளமாணி மாணவரிடையே அண்மைக் காலத்தில் ஒரு விருப்பம் பரவலாகக் காணப்படுகின்றது. பட்டப்படிப்பின் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் ஓர் அரையாண்டை ஐரோப்பிய நாடொன்றின் ஆய்வுகூடத்திலோ ஆவணக்காப்பகத்திலோ கழித்து, ஆய்வுமுறையை நேரிற் பயின்று திரும்ப வேண்டும் என்பதே அது. விருப்பம் நியாயமானது. ஆயின் அதனை நிறைவேற்ற முயல்வோர் பெரும்பாலும் தொடங்கும் இடம் பிழையானது. தமது தகுதியை எடுத்துரைத்து இடம் கேட்கும் தனிமனித வேண்டுகோளாகவே விண்ணப்பத்தை அவர்கள் கருதுகின்றனர். உண்மையில் அது மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என்னும் முத்தரப்பினருக்கிடையே எழுதப்படும் ஓர் ஒப்பந்தத்தின் முதல் ஏடாகும். இதனை விளங்கிக்கொள்ளாமையால் திறமை மிக்க மாணவர் பலர் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். விளங்கிக்கொண்ட பின்னரும் சிலருக்குக் கதவு திறவாதிருப்பதற்கு வேறு காரணங்கள் உள்ளன. இவ்விரண்டையும் இங்கு நோக்குவோம்.

மாணவன் ஆய்வுகூடத்தினுள் நுழைவது எல்லாக் காலத்தும் இயல்பாக இருந்ததன்று. 1810ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பேர்லின் பல்கலைக்கழகம் கற்பித்தலும் ஆராய்தலும் பிரிக்கவொண்ணாதவை என்ற கருத்தோடு இணைத்துப் பேசப்படுவது. அக்கருத்துக்குக் கைத்தொழில் வடிவம் கொடுத்தவர் என யுஸ்ரஸ் லீபிக்கைக் கூறலாம். 1824இல் தமது இருபத்தோராம் வயதிற் கீசன் நகருக்குப் பேராசிரியராகச் சென்ற அவர், மாணவர் தம் கையாலேயே பகுப்பாய்வு செய்து பழகும் இரசாயன ஆய்வுகூடமொன்றை உருவாக்கினார். இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணவர் அங்கு சென்றனர். அவர்கள் சென்றது ஓர் ஆசிரியரை நாடி. இன்றைய மாணவர் செல்வது ஒரு திட்டத்தின் வழியாக. இடைப்பட்ட காலத்தில் அரசுகளும் சட்டங்களும் நிதியொதுக்கீடுகளும் இத்துறையினுட் புகுந்துவிட்டன.

திட்டங்களுட் பெரியது எராஸ்மஸ். 1987இல், பதினொரு நாடுகளுக்கிடையே, முதலாண்டில் 3,244 மாணவருடன் தொடங்கிய இத்திட்டம் ஐரோப்பிய நாடுகள் தமக்குள் மாணவரைப் பரிமாறிக்கொள்வதற்காக ஏற்பட்டது. 2014இல் 'எராஸ்மஸ் பிளஸ்' என விரிவுபடுத்தப்பட்ட பின்னர், 2015 முதல் இலங்கை போன்ற ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளின் மாணவரும் குறுகியகாலக் கற்கைக்குச் செல்ல வழி பிறந்தது. ஆயினும் மாணவர் எவரும் பிரசல்சுக்கு நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று எமது பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவ்வொப்பந்தத்தின் பேரில் நிதி கோரி, அந்நிதி கிடைத்த பின்னரே மாணவருக்கான அறிவித்தல் வெளிவரும். மாணவரைத் தெரிவதும் அனுப்பும் பல்கலைக்கழகமே. ஆகவே ஒரு மாணவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, 'எந்த நாட்டுக்குப் போகலாம்?' என்பதன்று, 'என் பீடத்துக்கு எவருடன் ஒப்பந்தம் உண்டு, அதில் இளமாணி மாணவருக்கு இடமுண்டா?' என்பதே. இவ்விடம் முதுமாணி மாணவருக்கும் கல்விசார் ஊழியருக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டிருப்பதும் உண்டு. ஒப்பந்தம் இருப்பதே மாணவருக்குத் தெரியாமற் காலாவதியாவதும் உண்டு.

ஒப்பந்தங்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டவை என எண்ணுவதும் தவறு. 2014 பெப்ரவரியிற் சுவிற்சர்லாந்து மக்கள் குடிவரவைக் கட்டுப்படுத்த வாக்களித்ததைத் தொடர்ந்து அந்நாடு எராஸ்மஸின் முழுப் பங்காளி நிலையை இழந்தது. தன் சொந்த நிதியிலேயே மாற்றுத் திட்டமொன்றை நடத்த நேர்ந்தது. 2022 டிசெம்பரிற் பொதுநல நம்பிக்கை நிதியங்களின்கீழ்க் கொண்டுவரப்பட்ட ஹங்கேரியப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிய நிதியளிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. மாணவர் எவரும் இவற்றுக்குப் பொறுப்பல்லர். ஐரோப்பிய மாணவருக்கே இந்நிலையெனின், நாணய நெருக்கடியுள்ள ஒரு தீவிலிருந்து விண்ணப்பிப்போர் நிலை சொல்லவேண்டியதில்லை.

எராஸ்மஸுக்கு வெளியேயும் சில வழிகள் உள்ளன. 1962இல் தொடங்கிய, ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள செர்ன் நிலையத்தின் கோடைகால மாணவர் திட்டத்தில் உறுப்புரிமையற்ற நாடுகளின் மாணவருக்கும் இடமுண்டு. எனினும் அது எட்டு முதல் பதின்மூன்று வாரங்கள் கொண்டதே, அரையாண்டன்று. ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் 'றைஸ்' எனப்படும் ஆய்வுப் பயிற்சித் திட்டம் இளமாணி மாணவருக்கென்றே அமைந்தது. ஆயின் அது வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து ஆகிய இடங்களின் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருக்காக வகுக்கப்பட்டது. எமது மாணவர் பலர் அதன் விளம்பரத்தைக் கண்டு, விண்ணப்பத்தை எழுதி முடித்த பின்னரே தகுதி விதியை வாசிக்கின்றனர். அறிவியல் உலகப் பொதுவானது என்கிறோம். அதன் கதவுகள் அவ்வாறில்லை என்பதை இவ்விதிகள் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றன.

ஒப்பந்தம் உண்டு, தகுதியும் உண்டு எனக் கொள்வோம். அடுத்து வருவது கணக்கு. எமது மாணவர் அதிகம் இடறுவது இங்கேதான்.

ஐரோப்பாவிற் படிப்பின் பளுவை அளப்பது 'கிறெடிற்' எனப்படும் மதிப்பலகு. ஓராண்டுக்கு 60, அரையாண்டுக்கு 30. ஒவ்வோர் அலகும் 25 முதல் 30 மணித்தியால உழைப்பைக் குறிக்கும். இலங்கைத் தகைமைச் சட்டகமும் மதிப்பலகு என்ற பெயரையே வழங்குகின்றது. ஆனால் இங்கு ஓர் அலகு 50 மணித்தியாலம், ஓராண்டுக்கு 30 அலகு. ஆகவே எமது அரையாண்டின் 15 அலகும் அவர்களது 30 அலகும் ஏறக்குறைய ஒரே உழைப்பாகும். இதனைக் குறிப்பிடாது '15' என்று மட்டும் எழுதும் மாணவரை அங்குள்ள அலுவலர் அரைநேர மாணவர் எனக் கருதக்கூடும். மறுபுறம், அங்கிருந்து 30 அலகுடன் திரும்புபவரைக் கண்டு எமது பீடச்சபை, ஓராண்டுப் படிப்பை அரையாண்டில் முடித்தாரோ என மயங்கக்கூடும். பெறுபேற்றுப் பத்திரத்துடன் ஒரு வரி விளக்கம் இணைத்தால் தீரக்கூடிய சிக்கல் இது.

புள்ளியளவு இன்னும் விசித்திரமானது. எமது அளவிடையில் 4.0 என்பது உச்சம். ஜேர்மனியில் 1.0 உச்சம், 4.0 என்பது தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்தவரின் பெறுபேறு. ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் பல இதனை மாற்றுவதற்குப் 'பவேரியச் சூத்திரம்' எனும் முறையைக் கையாளுகின்றன. உச்சப் புள்ளியிலிருந்து மாணவர் பெற்ற புள்ளியைக் கழித்து, அதனை உச்சத்துக்கும் சித்திக்கான மிகக் குறைந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றாற் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். சராசரி 3.0 பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சித்தியெல்லை 2.0 எனக் கொண்டால் அவர் பெறுவது 2.5. சித்தியெல்லை 1.0 எனக் கொண்டால் 2.0. ஒரே மாணவர், ஒரே உழைப்பு, இரு மதிப்பீடு. சித்தியெல்லை எதுவெனப் பெறுபேற்றுப் பத்திரத்தில் அச்சிடப்படாதவிடத்து அதனை ஊகிப்பவர் அறிமுகமற்ற ஓர் அலுவலர். பதிவாளர் அலுவலகத்தில் அவ்வொரு வரியை எழுதுவிப்பதற்காக மாணவர் நாட்கணக்கிற் காத்துநிற்க நேரிடினும், காத்துநிற்பது தகும்.

இனி, ஆய்வாளருக்கு எழுதும் கடிதம். கற்கை அரையாண்டுக்கு இது தேவைப்படாமலிருக்கலாம். ஆய்வு அரையாண்டுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் முன்கூட்டியே இணங்கவேண்டும். எமது மாணவரின் கடிதங்கள் பலவற்றை வாசிக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்துள்ளது. 'பெருமதிப்பிற்குரிய' என்று தொடங்கி, அப்பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையைப் புகழ்ந்து, தமது சிறுவயதுக் கனவை விவரித்து, 'எந்தத் துறையிலும் பணியாற்றச் சித்தமாயிருக்கிறேன்' என்று அவை முடிகின்றன. இந்த இறுதி வாக்கியமே விண்ணப்பத்தைக் கெடுப்பது. எத்துறையிலும் பணியாற்ற இணங்குபவருக்குத் தமக்கென ஒரு வினா இல்லை என்றே அது பொருள்படும். அவ்வாய்வாளர் அண்மையில் வெளியிட்ட கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் விளங்காத அல்லது மேலும் ஆராயத்தக்க ஓரிடத்தைச் சுட்டி, தமக்குக் கைவந்த ஒரு நுட்பத்தையும், வரக்கூடிய காலத்தையும், செலவை ஏற்பவர் யாரென்பதையும் ஒரு பக்கத்துள் எழுதுவதே போதுமானது. பணிவு குறைந்ததாகச் சிலருக்குத் தோன்றலாம். அங்கு அதுவே மரியாதை.

பிழை மாணவருடையது மட்டுமன்று. நாம் எழுதிக்கொடுக்கும் சான்றுக் கடிதங்களும் நன்னடத்தைப் பத்திரங்களாகவே அமைகின்றன. 'ஒழுக்கமும் கடும் உழைப்பும் உடையவர்' என்பது எம் மாணவர் அனைவருக்கும் பொருந்தும் வாக்கியம். எனவே எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. அம்மாணவர் எந்தப் பரிசோதனையை எவ்வாறு செய்தார், எங்கே தவறினார், தவற்றைத் தாமே கண்டுபிடித்தாரா என்ற செய்தி ஒன்றிருப்பின் கடிதம் உயிர்பெறும். மாணவரே வரைந்து கொண்டுவரும் கடிதத்திற் கையொப்பமிடும் வழக்கம் இருக்கும்வரை இது நிகழாது.

மேற்பார்வையாளரைத் தெரிவதில் எமது கலைத்துறையின் வரலாற்றிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. க. கைலாசபதியும் அவருக்குப் பின் கா. சிவத்தம்பியும் கலாநிதிப்பட்ட ஆய்வுக்குச் சென்றது பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு. அங்கு அவர்களை நெறிப்படுத்திய ஜோர்ஜ் தொம்சன் தமிழறிஞரல்லர். பண்டைக் கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர். தமிழ் கற்பிக்கும் பீடத்தைத் தேடிச் சென்றிருப்பின் வீரயுகப் பாடல்களைக் கிரேக்க மரபோடு ஒப்பிடும் அந்த ஆய்வு அவ்வடிவிற் பிறந்திராது. அது பட்டப்பின் ஆய்வு என்பதை மறக்கவில்லை. எனினும், வினாவை முதலிலும் இடத்தைப் பின்னரும் தெரிதல் இளமாணி மாணவருக்கும் ஏற்றதே. கலைத்துறை மாணவர் தமக்கு ஐரோப்பாவில் வேலையில்லை என்று ஒதுங்குவது பொருத்தமற்றது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலங்கை பற்றிய ஆவணங்கள் ஹேக் நகரின் தேசிய ஆவணக்காப்பகத்திலும், தரங்கம்பாடி மிஷனரிமார் சேர்த்த தமிழ் ஏட்டுச்சுவடிகள் ஜேர்மனியின் ஹல்லே நகரிலும் உள்ளன. எம்மைப் பற்றிய மூலங்களை வாசிக்க நாம் விசா பெறவேண்டியிருப்பது வரலாற்றின் முரண்நகை.

விசா என்றதும் பணம் வருகின்றது. தொண்ணூறு நாட்களுக்கு மேற்பட்ட தங்கலுக்குக் குறுங்கால ஷெங்கன் விசா உதவாது. செல்லும் நாட்டின் தேசிய விசாவே வேண்டும். தங்கற்காலச் செலவுக்கு ஆதாரம் காட்டுவது அதன் முதல் நிபந்தனை. ஜேர்மனி 2024 செப்டெம்பரில் இதற்கான தொகையை மாதமொன்றுக்கு 992 யூரோவாக, அதாவது ஆண்டுக்கு 11,904 யூரோவாக நிர்ணயித்தது. உதவிநிதி இல்லாதவர் அதனை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே வைப்பிலிட்டு மாதந்தோறும் பகுதி பகுதியாகவே எடுக்கலாம். மகாபொலக் கொடுப்பனவிற் சாப்பாட்டுச் செலவை ஒப்பேற்றும் மாணவருக்கு ஓர் அரையாண்டுக்கான தொகைகூட எட்டாதது. எராஸ்மஸ் உதவிநிதி பெற்றவர் அந்நிதிக்கான கடிதத்தைக் காட்டலாம். ஆனால் நிதி கைக்கு வருமுன் விமானச் சீட்டுக்கும் காப்புறுதிக்கும் விசாக் கட்டணத்துக்கும் கையிலிருந்தே கொடுக்க நேர்வதுண்டு. தெரிவுசெய்யப்பட்ட பின்னர் விலகிக்கொள்வோர் இவ்விடத்திலேயே விலகுகின்றனர். காரணம் கேட்டால், 'வீட்டில் சுகமில்லை' என்பர்.

வடக்கிலும் கிழக்கிலுமிருந்து செல்லும் மாணவருக்கு வேறொரு வழியும் கண்ணிற்படும். ஜேர்மனியில் வாழும் உறவினர் ஒருவர், அம்மாணவரின் வாழ்க்கைச் செலவைத் தாம் ஏற்பதாக அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்திற் பொறுப்புறுதி எழுதிக்கொடுக்கலாம். இதனைச் சாதாரண அழைப்புக் கடிதமாக எண்ணிச் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ கேட்பவர் உளர். அது சட்டப்படி ஐந்தாண்டு வரை கட்டுப்படுத்தும் கடன்பொறுப்பு. மாணவருக்காக அரசு செலவிட நேர்ந்தால் உறவினரிடமே அறவிடப்படும். கேட்குமுன் இதனை விளக்குவது நேர்மை.

காலவட்டமும் கவனிக்கத்தக்கது. ஜேர்மனியிற் குளிர்கால அரையாண்டு ஒக்டோபரிலும் கோடைகால அரையாண்டு ஏப்ரலிலும் தொடங்கும், அவை பிந்துவதில்லை. எமது அரையாண்டுகளோ வேலைநிறுத்தத்தாலும் பரீட்சைப் பின்போடலாலும் நகர்ந்துகொண்டேயிருப்பவை. இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக் காலத்துடன் இசையும்படி செல்வதே எமது மாணவருக்குக் குறைந்த நட்டம் தருவது. அங்கு செய்யும் ஆய்வையே இங்குச் சமர்ப்பிக்கும் கட்டுரையாக ஏற்பதற்குத் துறைத்தலைவரின் இணக்கத்தை முன்னரே பெறவேண்டும்.

எராஸ்மஸின் கற்றல் ஒப்பந்தம் இதற்கென்றே உள்ளது. செல்லுமுன், அங்கிருக்கும்போது, திரும்பியபின் என மூன்று பகுதிகள் கொண்ட அதில், அங்கு செய்யப்படும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக இங்கு எது கழிக்கப்படும் என்பது எழுதப்படும். முத்தரப்பும் கையொப்பமிடும். பெறுபேறு வெளியானபின் வழக்கமாக ஐந்து வாரத்துள் அதனை அனுப்புவது ஏற்கும் பல்கலைக்கழகத்தின் கடமை. இங்கு அங்கீகரிப்பது எம் கடமை. அங்கு ஆய்வை நன்கு முடித்தும், 'இப்பாடம் எமது பாடத்திட்டத்தில் இல்லை' என்ற ஒரே காரணத்தால் ஓராண்டு பின்தங்கித் தன் வகுப்பினரின் பட்டமளிப்பைப் பார்வையாளராக இருந்து கண்ட மாணவர் ஒருவரை நாம் அறிவோம். அவரது ஒப்பந்தத்தின் முதற்பகுதியில் எமது பக்கத்துக் கையொப்பம் இருந்தது. அதற்குரிய பீடச்சபைத் தீர்மானம் மட்டும் எடுக்கப்பட்டிருக்கவில்லை.